உள்ளே இருப்பவர்களுக்கு

மைக்கைத் திறப்பதற்கு முன்னால் எனக்கு இன்றைக்கும் பயம் வரும். இத்தனை வருடமாகக் காலை நிகழ்ச்சி நடத்துகிறவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "உனுக்கா பயம்? நீ வாயத் தொறந்தா எட்டு ஊருக்குக் கேக்கும்" என்று எங்கள் தெருப் பெண்கள் கேலி செய்வார்கள். எட்டு ஊருக்குக் கேட்கிறது என்பதுதான் பயமே. வீட்டில் ஒரு வார்த்தை தவறினால் ஒருத்தரிடம் சமாதானம் பேசினால் போதும். காற்றில் போன வார்த்தையை எந்த வீட்டுக் கதவைத் தட்டித் திரும்ப வாங்குவது?

எங்கள் வானொலி மிகவும் சின்னது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு கல்லூரியின் மாடியில் இரண்டு அறை. பொன்னேரி தாண்டினால் கரகரக்கும். ஆந்திர எல்லைப் பக்கம் போனால் தெலுங்குப் பாட்டு வந்து எங்களை விழுங்கிவிடும். காலையில் நான் ஒருத்திதான். பூட்டைத் திறப்பதும் நான், பாட்டுப் போடுவதும் நான், பேசுவதும் நான். ஸ்டுடியோ அறைக்கு ஜன்னல் கிடையாது. நாலு பக்கமும் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டி, கதவின் ஓரமெல்லாம் ரப்பர் வைத்து அடைத்திருப்பார்கள். வெளிச்சத்தம் ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது. வெளிக்காற்றும் வராது. வெளியே இடி விழுந்தாலும் யாராவது போன் பண்ணிச் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

சென்ட்ரல் போகிற லோக்கல் தாமதமா, எந்தத் தெருவில் இன்று மின்தடை, நெல்லைக் காயப்போட்டவர்கள் மழைக்குப் பயப்பட வேண்டுமா, எந்தக் கம்பெனியில் ஹெல்ப்பர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் பாட்டுக்கு நடுவில் சொல்வேன். செய்தி மட்டும் சொல்லக் கூடாது. எங்களைப் போன்ற சமுதாய வானொலிகளுக்குச் சொந்தமாகச் செய்தி வாசிக்க உரிமம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நிலையப் பொறுப்பாளர் அதைத்தான் சொன்னார். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். நல்ல மனிதர். ஆனால் நிழலைக் கண்டாலே ஒதுங்கி நடக்கிறவர். "வானிலை சொல்லும்மா, விலாசம் சொல்லும்மா, வாழ்த்து சொல்லும்மா. நடந்தது எதையும் சொல்லாத" என்றார். நடந்ததைச் சொல்லாமல் தினமும் மூன்று மணி நேரம் பேசுவது எப்படி என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பிறகு பழகிவிட்டது. அரசியல்வாதிகள் ஆயுள் முழுக்க அதைத்தானே செய்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை செய்கிறார். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் அப்பா அம்மா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும்தான். எங்கள் தலைமுறையில் கழனி போய் கம்பெனி வந்தது. கழனியில் பாம்புக்குப் பயந்தோம், இங்கே குழாய்க்குப் பயப்படுகிறோம். எங்கள் காலனி, தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டியே இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களுக்கு மூக்குதான் பஞ்சாங்கம். அழுகின முட்டை நாற்றம் அடித்தால் ஒரு கம்பெனி, வார்னிஷ் வாசனை வந்தால் இன்னொரு கம்பெனி, மூத்திர நெடி என்றால் மூன்றாவது. "இன்னிக்கு இன்னா கொயம்பு?" என்று கேட்பதுபோல "இன்னிக்கு இன்னா நாத்தம்?" என்று கேட்டுக்கொள்வோம். சிரித்துக்கொண்டே கேட்போம். கேட்டுவிட்டுக் குழந்தைகளை உள்ளே கூப்பிடுவோம்.

அவர் நைட் ஷிப்ட் போகிற வாரங்களில் எனக்குத் தூக்கம் சரியாக வராது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். போனை அதில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தீப்பொறி ஆகாது என்று காரணம் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் பூட்டிய நேரத்திலிருந்து திறக்கிற நேரம் வரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியே கிடையாது.

என் நிகழ்ச்சியில் 'உள்ளே இருப்பவர்களுக்கு' என்ற பகுதி வந்ததே இதனால்தான். ஒரு நாள் காலையில் ஒரு பெண் போன் செய்து அழாக்குறையாகப் பேசினாள். ராத்திரி கொளுத்திய பிள்ளையின் ஜுரம் இறங்கிவிட்டது, ஆனால் அப்பன்காரன் உள்ளே கவலையோடு இருப்பான், காண்டீனில் உங்கள் ரேடியோதான் ஓடுகிறதாம், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அக்கா என்றாள். சொன்னேன். அடுத்த நாள் நாலு பேர் கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் வாய்ஸ் மெசேஜ்கள் கொட்ட ஆரம்பித்தன. நைட் ஷிப்ட் முடிகிற நேரத்தில், ஆட்கள் கை கழுவி காண்டீனில் டீ குடிக்க உட்காரும்போது, வீட்டிலிருந்து வந்த சேதிகளை வாசிப்பேன். பேர் சொல்ல மாட்டேன். எந்தத் தெரு, எந்த டிபார்ட்மெண்ட் என்று மட்டும் சொல்வேன். உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

"பெயிண்ட் ஷாப்ல இருக்கறவருக்கு, வரும்போது மாவு வாங்கிக்கினு வரவும்." "பாய்லர்காரருக்கு, உங்க மாமியார் வந்துகீறாங்க, மூஞ்சிய நல்லா வெச்சிக்கினு வரவும்." "பேக்கிங் செக்ஷனுக்கு, கோவம் போயிடுச்சு, வந்து துன்னவும்." இப்படித்தான் இருக்கும். ஜெயிலில் இருப்பவர்களுக்கு நடத்துகிற நிகழ்ச்சி மாதிரி இருக்கிறது என்று பொறுப்பாளர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே ரசிக்க ஆரம்பித்தார். இது குடும்ப விஷயம், செய்தி அல்ல என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் நான் ஒரு நாளும் சேதி வாசித்ததில்லை. ஊர் மைக்கில் சொந்த வீட்டுக் கதையைப் பேசக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. கொஞ்சம் வெட்கமும் உண்டு. "ஊர்ல கீற பொண்டாட்டிங்க எல்லாம் புருசனுக்குச் சேதி சொல்றாங்க, ரேடியோக்காரிய கட்டிக்கினவனுக்கு ஒண்ணும் இல்ல. செருப்பு தைக்கிறவன் பொண்டாட்டி வெறுங்காலு" என்று அவர் குத்திக் காட்டுவார். "இன்னாயா, உனுக்குத்தான் மூணு மணி நேரம் பேசறனே, பத்தலயா?" என்பேன்.

மார்கழி முடிந்து தை பிறந்த சமயம் அது. பனி இறங்கியிருந்தது, இன்னும் சரியாக விடியவில்லை. லோக்கல் ரயில் தாமதம் என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போட்டேன். போனில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. எதிர்வீட்டுப் பெண். இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்திருப்பவள். அவள் புருஷனும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிப்ட். மாவு, பால் ஏதாவது சொல்லப்போகிறாள் என்று காதில் வைத்தேன். முதலில் இருமல்தான் கேட்டது. "அக்கா, இது நம்ம வயக்கமான நாத்தம் இல்லக்கா. கண்ணு எரியுது. சின்னது வாந்தி எடுக்குது" என்றாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். அதற்குள் இன்னொரு மெசேஜ், பின்தெருவிலிருந்து. அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றிலும் இருமல்.

எழுந்துபோய் ஸ்டுடியோ கதவைத் திறந்து, மாடிப்படி ஜன்னலையும் திறந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பனி வாசனையும் கல்லூரிக் காவலாளி கொளுத்திய குப்பை வாசனையும்தான் வந்தது. தொழிற்பேட்டைப் பக்கம் வெள்ளையாக இருந்தது. அது பனியா, புகையா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்றைக்கு எனக்கு வெளுத்ததெல்லாம் பேயாகத் தெரிந்தது.

அவர் போனுக்கு அடித்தேன். அடிக்கக் கூடாது, பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் என்று தெரியும். தெரிந்துதான் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்த இரும்புப் பெட்டிக்குள் அவர் போன் வெளிச்சம் போட்டுத் துடிப்பதை நினைத்தேன். பக்கத்துப் பெட்டிகளும் துடித்துக்கொண்டிருக்கும், எல்லா வீட்டிலிருந்தும் அடித்திருப்பார்கள். பிறகு கம்பெனி கேட்டின் எண்ணுக்கு அடித்தேன். ஒருவர் எடுத்து, "ஒண்ணும் இல்லமா, டாங்க் க்ளீனிங்" என்று சொல்லி உடனே வைத்துவிட்டார். டாங்க் கழுவுகிறவன் ஏன் அப்படி மூச்சு வாங்கிப் பேச வேண்டும்?

தீயணைப்புக்குச் சொன்னேன். வண்டி புறப்படுகிறது என்றார்கள். பொறுப்பாளருக்கு அடித்தேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர், நான் சொல்லச் சொல்லத் தெளிந்து உட்கார்ந்துவிட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"அம்மா, நீ பாத்தியா?"

"இல்ல சார்."

"கம்பெனில ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்கல்ல?"

"சொல்றாங்க சார். ஆனா கொழந்தைங்க வாந்தி எடுக்குதுங்க சார்."

"நீ கசிவுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அது இல்லன்னு ஆயிட்டா? ஜனங்க இருட்டுல ஹைவேல ஓடி லாரில அடிபட்டா யாரும்மா பொறுப்பு? லைசென்ஸ் போச்சுன்னா திரும்பக் கிடைக்காதும்மா. ஆபீசர்ங்க சொல்லட்டும், அப்புறம் நாம சொல்லலாம். தயவுசெஞ்சு."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்ன லாரியும் என் கண்ணுக்குத் தெரிந்தது. பேசினாலும் சாவு வரலாம், பேசாவிட்டாலும் வரலாம். பாட்டு முடியப் போகிறது என்று திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. கர்த்தரே, என் வாயில் நீரே ஒரு வார்த்தை வையும் என்று கேட்டேன். எந்த வார்த்தையும் வரவில்லை. அடுத்த பாட்டைப் போட்டேன்.

பாட்டு ஓடும்போதே எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஊட்டுக்காரருக்கு சேதி சொல்லப் போறியா?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா, இப்ப போய்..."

"சொல்லு. இன்னா பண்ணப் போற, எங்க போப்போற, அத மட்டும் சொல்லு. புருசனுக்குச் சொல்ற மாரி சொல்லு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பெண்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் புரியும். புகுந்த வீட்டில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அம்மாவிடம் போனில் "நல்லா கீறேன்" என்று சொல்லியே எல்லாக் கஷ்டத்தையும் சொல்லத் தெரிந்தவர்கள் நாங்கள்.

பாட்டை நிறுத்தினேன். மைக்கைத் திறந்தேன். வணக்கம் சொன்னேன். வானிலை சொன்னேன். "காற்று இப்போது மேற்கிலிருந்து கிழக்காக வீசிக்கொண்டிருக்கிறது. பின்சுவர்ப் பக்கம் குடியிருப்பவர்கள் குளிர் காற்றில் நிற்க வேண்டாம். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்வது நல்லது." குளிருக்கு ஈரத்துணி என்று சொன்ன ஒரே வானிலை அறிவிப்பு உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நடுக்கம் தெரியக் கூடாது என்று சிரித்தபடி பேசினேன். பயத்தில் சிரித்தால் கன்னம் எப்படி வலிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இப்போது, உள்ளே இருப்பவர்களுக்கு. ரியாக்டர் செக்ஷனில் இருப்பவருக்கு, முதல் தெருவிலிருந்து. நாங்க ஊட்டப் பூட்டிக்கினு கொழந்தைங்களத் தூக்கிக்கினு தெக்கால ஸ்கூல் பக்கம் நடந்து போறோம். பெரிய ரோட்டுக்குப் போவல, வாய்க்கா ஓரமாத்தான் போறோம். நீ ஊட்டுக்கு வராத. நேரா ஸ்கூலுக்கு வா." இது முதல் சேதி.

"பேக்கிங் செக்ஷனுக்கு, பின்தெருவிலிருந்து. நானும் உங்க அம்மாவும் மூஞ்சில ஈரத்துணி கட்டிக்கினோம். அடுப்ப அணைச்சிட்டோம். ஸ்கூலுக்குப் போறோம்." இது இரண்டாவது. மூன்றாவதை வாசிக்கும்போது போனில் மெசேஜ்கள் குவிந்தன. கேட்டவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். நடக்க முடியாத ஒருத்தியின் மாமனாரை எந்த வண்டியில் ஏற்றினார்கள், யார் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பிவிட்டார்கள், எந்தச் சந்தில் நெடி அதிகம், எல்லாம் புருஷனுக்குச் சொல்கிற சேதியாகவே வந்தது. நான் வாசித்துக்கொண்டே போனேன். கசிவு என்று சொல்லவில்லை. விபத்து என்று சொல்லவில்லை. கம்பெனி பேரைச் சொல்லவில்லை.

பொறுப்பாளர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மணி நின்றது. கொஞ்ச நேரத்தில் அவரே வந்து கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். லுங்கியோடு வந்திருந்தார். அவரை லுங்கியில் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கையைத் தூக்கினார், நிறுத்து என்று சொல்லத்தான் தூக்கினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே அடுத்த சேதியை வாசித்தேன். கை அப்படியே கீழே இறங்கியது. பாட்டு போட்டதும் கதவைத் திறந்து, "செய்தி எதுவும் சொல்லலியேம்மா?" என்று கேட்டார். "இல்ல சார், குடும்ப சேதிதான்" என்றேன். "சரி. குடும்ப சேதிதான்" என்று தனக்குத்தானே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

எல்லா வீட்டுச் சேதியும் முடிந்தது. மைக் திறந்திருந்தது. காலனியில் முக்கால்வாசிப் பேர் வெளியேறிவிட்டார்கள் என்று தெரிந்தது. ஆனால் உள்ளே இருப்பவர்கள்? டீ கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறார்களா, மூச்சு முட்டிக் கிடக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "ரியாக்டர் செக்ஷன்ல இருக்கற இன்னொருத்தருக்கு. உன் பொண்டாட்டி பேசறேன். எழுந்து வெளிய வந்துடுய்யா. எனக்கு பயமா கீது. டூட்டி போனா போவட்டும், வந்துடு" என்றேன். சொல்லிவிட்டு மைக்கை மூடினேன். பொறுப்பாளர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு காத்திருந்ததைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை. பாட்டு மேல் பாட்டாகப் போட்டேன். என்ன பாட்டு என்று கேட்காதீர்கள். நடுநடுவே என் வீட்டுக்காரர் போனுக்கு அடித்தேன். அவர் பெட்டிக்குள் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திருவள்ளூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் கூப்பிட்டு, "அம்மா, அப்பா எங்க?" என்று கேட்டாள். "வந்துகினு கீறாரு" என்றேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். விதவையானால் அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்றுகூட மனம் யோசித்துவிட்டது. அந்த யோசனையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெயில் ஏறிய பிறகு படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கம்பெனி சட்டையோடு வந்து நின்றார். கண் இரண்டும் கோவைப்பழம். நான் ஓடிப்போய் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன். "மெதுவா, மெதுவா, இன்னாமே" என்றார். பிறகு படியிலேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். ஒரு வால்வு பழுதாகி வாயு கசிந்திருக்கிறது. அம்மோனியா. காண்டீன் ஒதுக்குப்புறமாக, காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருந்ததால் அவர்களுக்கு முதலில் நெடியே வரவில்லை.

"நான் சொன்னது கேட்டுச்சா?" என்றேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"எத?"

"எல்லாம். கடைசியில..."

"கடைசியா எங்க கேட்டோம்? மூணாவது சேதிலயே ஆபீஸ்லருந்து ஒருத்தன் வந்து ரேடியோவ நிறுத்திட்டான்."

அவ்வளவு நேரம் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? காலனிக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. என் கெஞ்சல் அந்தச் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

"அப்புறம் எப்டிய்யா வெளிய வந்த?"

"நிறுத்தினாங்க பாரு, அதனாலதான் வந்தோம்" என்றார். "நீ பேசிக்கினு இருந்தவரைக்கும் நாங்க டீயக் குடிச்சிக்கினு கலாய்ச்சிக்கினு இருந்தோம். பொம்பளைங்க கும்பலா எங்கியோ போறாங்க, ஈரத்துணி பனிக்குன்னும், கோயில் விசேசம்போலன்னும் ஒருத்தன் சொன்னான். நம்பிட்டோம். திடீர்னு வந்து ஒயரப் புடுங்கினான். ஏன்டா புடுங்கறான்னு ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாத்தோம். ரேடியோ ஓடும்போது பயம் இல்லமே. நின்னுச்சு பாரு, அப்பதான் பயந்துட்டோம். அப்டியே எழுந்து கேட்டாண்ட போயிட்டோம். தொறடான்னோம். தொறந்துட்டான். போன் பொட்டியத் தொறக்கக்கூட யாரும் நிக்கல."

பின்பக்கம் டாங்க் அருகே இருந்த ஒருவரை மட்டும் இவர்கள் திரும்பப் போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். எல்லோரும் பிழைத்தோம். சின்ன வால்வுக் கோளாறு, உடனே சரிசெய்யப்பட்டது என்று கம்பெனியில் சொன்னார்கள். அவ்வளவுதான். ஆட்கள் சண்டை போட்டுக் காண்டீன் ரேடியோவைத் திரும்ப வைக்கச் செய்தார்கள். நான் மைக்கில் கெஞ்சியதைக் காலனியே கேட்டிருந்ததால், கேட்காத ஒரே ஆளான என் வீட்டுக்காரருக்கு ஆளுக்கு ஒருமுறை நடித்துக் காட்டினார்கள். "வந்துடுய்யா" என்று தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைக் கூப்பிட்டார்கள். அவர் ரொம்ப நாளைக்கு மீசைக்குள் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த நாளிலிருந்து வேறு ஒரு பயம் வந்து குடியேறிவிட்டது. எங்கள் டிரான்ஸ்மிட்டர் பழையது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் கொஞ்ச நேரம் நிலையம் ஊமையாகிவிடும். முன்பெல்லாம் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், ரேடியோவைத் தட்டிப் பார்த்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இப்போது அப்படி இல்லை. ஊமையானால் அடுத்த நொடி என் போன் அலறும். "அக்கா, இன்னாச்சு? ஏன் நின்னுச்சு?" என்று மூச்சிரைக்கக் கேட்பார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டோம் என்பார்கள். ஒரு நாள் தொண்டை கட்டி, மைக்கை மூடி இருமிவிட்டுத் திறப்பதற்குள் இரண்டு பேர் அழைத்துவிட்டார்கள். அதிலிருந்து இருமலைக்கூட மைக்கிலேயே இருமிவிடுகிறேன். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கவே யோசிக்கிறேன். பேச்சு ஒரு வேலையாக இருந்தது போய், பேச்சை நிறுத்தாமல் இருப்பது வேலையாகிவிட்டது.

போன மாதம் ஒரு நாள் எனக்கு வாராந்தர லீவு. எனக்குப் பதில் பேசுகிற தம்பி நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தான். அவர் நைட் ஷிப்ட். நான் வீட்டில் இட்லி ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு நடுவில் அறுந்தது. எனக்குத் தெரியும், அது மின்சாரம்தான், ஜெனரேட்டர் இப்போது பிடிக்கும் என்று. எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? வாசனையும் எதுவும் இல்லை. ஆனால் நான் அடுப்பை அணைத்திருந்தேன். கையில் சாவி இருந்தது. தெருவில் நின்றுகொண்டிருந்தேன்.

எதிர்வீட்டுப் பெண் சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாள். பக்கத்து வீட்டில், அதற்கடுத்த வீட்டில், தெரு முழுக்கப் பெண்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்துகொண்டு நின்றோம். ஒரு வீட்டுக்குள்ளிருந்து பாட்டு மறுபடி கேட்டது. அந்தத் தம்பி, மின்தடை, மன்னிக்கணும் என்று சிரித்தபடி சொன்னான். யாரும் உள்ளே போகவில்லை. முன்கேட்டிலிருந்து சுற்றிக்கொண்டு கம்பெனி பஸ் வரும்வரைக்கும் அப்படியே நின்றோம்.

பஸ் வந்து நின்றது. முதலில் என் வீட்டுக்காரர்தான் இறங்கினார். தெரு முழுக்க நாங்கள் நிற்பதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய் ஓடி வந்தார்.

"இன்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. பாட்டு நின்னுபோச்சு, அவ்ளோதான்" என்றேன்.

அவர் கலாய்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய மற்றவர்களும் சிரிக்கவில்லை.

"அங்கியும் நின்னுச்சுமே" என்றார். "நாங்களும் டீயப் போட்டுட்டு எழுந்து வந்து, கேட்டாண்டயேதான் நின்னுகினு இருந்தோம்."